நாங்களே கேட்ட பன்னிரண்டு மணி நேரம்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று எழுதினால் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். செருப்பு ஆலையில் வேலை செய்த பெண்களுக்கு வராது. எங்கள் ஆலையில் முப்பதைத் தாண்டியவள் 'பழைய ஆள்'. கண் மங்கியிருக்கும், இடுப்பு போயிருக்கும், கை வேகம் குறைந்திருக்கும். வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "கொஞ்ச நாள் வூட்ல இரும்மா, ஆர்டர் வந்ததும் கூப்புடுறோம்" என்பார்கள். அந்த அழைப்பு வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் எனக்கு வராததற்கு வேறு காரணம் உண்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோது ஜெனி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னும் அந்த ஆலையில் வேலை செய்கிறவள். என்னிடம் வேலை பழகியவள். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யக்கா, இத்த பாரேன். உளுந்தூர்பேட்டை கூட்டத்துல பேசுனது. எங்கள கம்பெனி பஸ்லயே இட்டுக்கினு போயி உக்கார வெச்சாங்க."

"எதுக்குடி?"

"கை தட்டத்தான். வேற எதுக்கு?"

படத்தில் பேசிக்கொண்டிருந்தவர் எங்கள் பகுதியின் அரசியல் தலைவர். பெயர் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலில் வந்து கேக் வெட்டுவார், தேர் திருவிழாவுக்கு வடம் பிடிப்பார், எல்லார் வீட்டுத் துக்கத்துக்கும் மாலை அனுப்புவார். கெட்ட மனிதர் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அன்று அவர் பேசியது, வரப்போவதாகச் சொல்லப்படும் தொழிலாளர் சட்டத் திருத்தம் பற்றி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை, வாரத்துக்கு நாலு நாள், மூன்று நாள் விடுமுறை. தொழிலாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால் போதும்.

"எட்டு மணி நேரம்ன்றது நம்ம தாத்தா காலத்துச் சட்டம்யா" என்றார். "அன்னிக்கி மெஷின் வேற, மனுசன் வேற. இன்னிக்கி நம்ம பொண்ணுங்க படிச்சிருக்குது. அதுங்களுக்கு எது நல்லதுன்னு அதுங்களுக்கே தெரியும். எவனோ பட்டணத்துல உக்காந்துக்கினு வேணாம்ன்றான். நான் சொல்லல, இந்தப் பொண்ணுங்களே எழுதிக் குடுத்திருக்குது, படிக்கிறேன் கேளுங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்து, தூக்கிப் பிடித்து வாசித்தார்.

"'தினமும் பன்னிரண்டு மணி நேரம் பணிபுரிய அனுமதி தந்து உதவுமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கேக்குதுங்கய்யா! அதுவும் தாழ்மையோட! குடுக்க வேணாம்னு சொல்ல நீ யாரு?"

கூட்டம் சிரித்தது. கை தட்டியது.

ஜெனி படத்தை நிறுத்தினாள். "அந்த எழுத்து உன்னுது மாதிரியே இருக்குதுக்கா."

"மாதிரி இல்லடி. என்னுதுதான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் வேறு மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். எல்லாரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். நீ ஏன் எழுதினாய், யார் எழுதச் சொன்னது, இப்போது எங்களிடமும் கேட்கிறார்களே, கொடுக்கலாமா? அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பாவும் அம்மாவும் ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். ரேஷன் கடை முதல் வங்கி வரை கட்டை விரலில் மை தடவியே காலம் தள்ளினார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். பள்ளியில் என் விடைத்தாளை மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப் போய்க் காட்டுவார்கள். அவ்வளவு முத்து முத்தான எழுத்து. அந்தப் பெருமை எனக்கு உண்டு, இன்றைக்கும் உண்டு. அதை மறைத்தால் இந்தக் கதை புரியாது.

மேலே படிக்க வழியில்லை. எலவனாசூர்கோட்டைக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரமாகப் புதிதாகத் திறந்திருந்த ஆலையில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் பயிற்சி. வெறும் காகிதத்தில் ஊசி ஓட்டினோம், அப்புறம் கழிவுத் தோலில் ஓட்டினோம், அப்புறம் அசல் தோலில் ஓட்டித் திட்டு வாங்கினோம். பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான். நாலு வருடம் தையல் பிரிவில் இருந்தேன். பிறகு வெட்டும் பிரிவில் தோல் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள்.

ஒரு மாட்டுத் தோலை மேசையில் விரித்தால் அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கை தெரியும். முள் கீறியது, உண்ணி கடித்தது, வண்டி நுகம் அழுத்தியது, சூடு போட்டது. கையை வைத்துத் தடவி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்து, குறை உள்ள இடத்தையெல்லாம் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். முதுகுப் பக்கம் தோல் கெட்டியாக இருக்கும். ஷூவின் முன்முனை அங்கிருந்துதான் வர வேண்டும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். அது உள்ளே மறையும் துண்டுகளுக்கு. இதைப் பிரித்துச் சொல்வது என் வேலை. வெட்டுவது இயந்திரத்தில் நிற்கிறவள் வேலை. டை என்று நாங்கள் சொல்லும் எஃகு அச்சைத் தோலின் மேல் வைத்து, இரண்டு பச்சைப் பொத்தான்களை அழுத்தினால் மேலிருந்து இரும்புப் பலகை ஒன்று இறங்கி அச்சை அழுத்தும். துண்டு வெட்டுப்படும்.

இரண்டு பொத்தான் எதற்கு? ஒன்று இடது ஓரத்தில், ஒன்று வலது ஓரத்தில். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பலகை இறங்கும். அப்போது இரண்டு கையும் வெளியே இருக்கும். விரல் தப்பிக்கும். இயந்திரத்தைச் செய்தவன் நல்லவன்.

ஆனால் இரண்டு கையாலும் அழுத்தினால் ஒரு நாளைக்குச் சொல்லியிருக்கும் எண்ணிக்கை வராது. அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. கழிவுத் தோலை நாலாக மடித்து இடது பொத்தானில் செருகிவிடுவார்கள். அது அழுந்தியபடியே இருக்கும். வலது கையால் ஒரு தட்டு, பலகை இறங்கும். இடது கை சும்மா இருக்கிறதல்லவா, அது அடுத்த அச்சை நகர்த்தும், தோலை இழுத்துப் பிடிக்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'தாப்பா'. கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள்தான்.

தாப்பா போடச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. எடுக்கச் சொல்லித்தான் உத்தரவு வரும். வெளிநாட்டு ஆட்கள் ஆலையைச் சுற்றிப் பார்க்க வரும் நாளில், மேலாளர் பாஸ்கர் சார் காலையிலேயே ஒரு சுற்று வந்து, "தாப்பா எடுத்துடுங்கம்மா" என்பார். விருந்தாளி கார் நெடுஞ்சாலை ஏறியதும் எல்லா இயந்திரத்திலும் தாப்பா ஏறிவிடும்.

பாஸ்கர் சார் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. துப்புரவு செய்கிற பெண்ணிலிருந்து எல்லாரையும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். உட்காரும் முன் நாற்காலியில் கைக்குட்டையை விரிப்பார். சட்டைப் பையில் ஒரு சிறிய எஃகு அளவுகோல் இருக்கும். ஒருத்தியின் கை மெதுவாக ஓடினால் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அவசரமில்லம்மா" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். உள்ளங்கையில் அளவுகோலை மெதுவாகத் தட்டிக்கொண்டு, அவள் கை வேகம் எடுக்கும் வரைக்கும் நிற்பார். திட்டுகிற மேலாளரிடம் எதிர்த்துப் பேசலாம். இவரிடம் என்ன பேசுவது?

என்னை அவர் 'டீச்சரம்மா' என்பார். யாருக்கு விடுப்பு வேண்டும் என்றாலும் நான்தான் எழுதித் தருவேன். தேநீர் வேளையில் என் பெஞ்சு முன்னால் நாலு பேர் நிற்பார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, கடைசியில் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் காய்ச்சலுக்கு விடுப்பு கேட்க ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே அமைப்பு. அதைத் தவிர வேறு எந்தக் கடிதமும் எழுத எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே அப்போது தெரியாது.

ஒரு நாள் மதியம் பாஸ்கர் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பதினாலு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சரம்மா, ஒரு சின்ன உதவி. பெரிய ஆர்டர் ஒண்ணு. கொஞ்ச மாசத்துக்குக் காலையில எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் ஓட்டணும். சம்மதம்னு எல்லார்கிட்டயும் ஒரு வரி வேணும். டைப் அடிச்சு வாங்கினா நாம கட்டாயப்படுத்தின மாதிரி இருக்கும். கையால எழுதினா நல்லாயிருக்கும். உங்க எழுத்து வேற அவ்ளோ அழகு."

மின்விசிறிக்குக் கீழே, ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு, இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் இயந்திர இரைச்சலில் நிற்கவில்லை. எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. படித்ததற்கு இப்போதுதான் ஒரு மரியாதை என்று நினைத்தேன்.

அவர் கேட்டது ஒரு வரி. 'எனக்குச் சம்மதம்' என்று எழுதியிருந்தால் முடிந்தது. ஒரு வரியில் கடிதம் எழுதினால் படிக்காதவள் எழுதியது போல இருக்குமே என்று நான் முழுக் கடிதமாக எழுதினேன். பொருள்: பன்னிரண்டு மணி நேரம் பணிபுரிய அனுமதி வேண்டுதல். முடிவில், தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் தாளை பாஸ்கர் சார் வாங்கிப் படித்தார். ஒரு நொடி நிறுத்தினார். திரும்பவும் மேலிருந்து படித்தார். பிறகு சிரித்தார்.

"இது இன்னும் நல்லாருக்கு டீச்சரம்மா. இப்பிடியே எழுதுங்க."

அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

தேநீர் வேளையில் கையெழுத்து வாங்கப் போனேன். தையல் பிரிவு விஜயா தூரத்திலிருந்தே கத்தினாள்.

"இன்னாடி ஸ்டெல்லா, ரெண்டு நாளா உள்ள உக்காந்து எழுதிக்கினே இருக்க? கல்யாணப் பத்திரிகையா?"

"ஆமா. உனக்கும் உன் மெஷினுக்கும்."

"அதுக்கு முன்னாடியே கட்டி வெச்சிட்டாங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். விஜயா மட்டும் தாளை வாங்கி முழுதாகப் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நான் எதுவும் கேக்கலயே. எங்க வூட்டுக்காரரு எட்டு மணிக்கு மேல கேட்டுல நின்னுக்கினு இருப்பாரா?" அடுத்த திங்கட்கிழமை அவளைப் பசை தடவும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த நெடியில் நாலு நாளில் கண் வீங்கியது. பத்தாம் நாள், "யாத்தாடி, குடு, போட்டுத் தொலைக்கிறேன்" என்று வந்து கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தில் கொடுத்த சம்மதம் இதுதான்.

கடைசியாக அலமேலு. கல்வராயன் மலையிலிருந்து வந்தவள். வெட்டும் பிரிவில் என் மேசைக்கு எதிர் இயந்திரம். ஆலை விடுதியில் தங்கியிருந்தாள். கணவன் கேரளாவுக்கு மரம் வெட்டப் போனவன்; ஆறு வயது மகளை மலையில் நாத்தனாரிடம் விட்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டதும் ஓடுவாள். மலைக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடித்து மகளைப் பார்த்துவிட்டுத் திங்கள் விடியலில் இறங்குவாள். பள்ளிக்குப் போனதில்லை. தோலைத் தொட்ட மாத்திரத்தில் எது முதுகு எது வயிறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வட்டம் போடுகிற நானே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பேன்.

"இதுல இன்னாக்கா எழுதியிருக்க?"

"பன்னெண்டு மணி நேரம் வேலை செய்ய சம்மதம்னு."

"நான் சம்மதம்னு ஆருகிட்டயும் சொல்லலயே."

"எல்லாரும் போடுறாங்க அலமேலு."

"நீ போட்டியா?"

"போட்டேன்."

தாளை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். என் அம்மா அப்படித்தான் பார்ப்பாள். "நீ படிச்சவ. நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றாள். இடது கைப் பெருவிரலை மைப் பெட்டியில் அழுத்தித் தாளில் வைத்தாள். மீதி மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் போய்விட்டாள். அத்தனை பேரில் கைநாட்டு வைத்தவள் அவள் ஒருத்திதான்.

பன்னிரண்டு மணி நேரம் தொடங்கிய மூன்றாவது வாரம் அந்தத் தலைவர் ஆலைக்கு வந்தார். தாப்பா எடுத்தோம். எங்களோடு நின்று தேநீர் குடித்தார். நன்றாகவே பேசினார். நாலு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை, குடும்பத்தோடு சந்தோஷமாக இருக்கலாம் என்றார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அலமேலு கையைத் தூக்கினாள்.

"ஐயா, எங்க மலைக்குக் கடைசி பஸ்ஸு ஆறு மணியோட சரிங்க. எட்டு மணிக்கு வுட்டா நான் எப்பிடிங்க ஊருக்குப் போறது?"

"அதான் மூணு நாள் லீவு இருக்குதேம்மா."

"அது இன்னும் வரலைங்களே."

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். "வரும்மா. பஸ்ஸும் விடச் சொல்றேன்" என்றார். உதவியாளர் ஒரு சிறிய ஏட்டில் குறித்துக்கொண்டார். பேருந்து இன்றுவரை ஆறு மணிக்குத்தான் போகிறது. மூன்று நாள் விடுமுறை ஒரே ஒரு வாரம் கிடைத்தது. அதற்குப் பிறகு மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, "ஆர்டர் தேங்கிக் கிடக்குது, வந்துடுங்கம்மா" என்று விடுதிக் கதவைத் தட்டினார்கள். அலமேலு ஐந்து வாரமாக மகளைப் பார்க்கவில்லை.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு. பதினொன்றாவது மணி நேரம். நான் ஒரு தோலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் பலகை இறங்குகிற சத்தம் எப்போதும் ஒரே மாதிரி கேட்கும். அந்தத் தடவை மாறிக் கேட்டது. நிமிர்ந்தேன். அலமேலு கத்தவில்லை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ தொலைத்துவிட்டவள் போல மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் துப்பட்டாவால் கையைச் சுற்றினேன். வேனில் ஏற்றும்போதுதான், "பெருவெரலு" என்றாள்.

நான் கோபப்பட வேண்டிய முதல் ஆள் நான்தான். தாப்பா போடுவதைத் தினமும் பார்த்தவள் நான். தோலில் இருக்கிற குறையையெல்லாம் வட்டம் போடத் தெரிந்தவளுக்கு அந்தப் பொத்தானைச் சுற்றி ஒரு வட்டம் போடத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து அரசு ஆலை ஆய்வாளர் வந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியில் நூல் சுற்றியிருந்தது. பாஸ்கர் சார் எங்கள் சம்மதக் கடிதங்கள் இருந்த கோப்பை அவர் முன் வைத்தார்.

"பாருங்க சார். அவங்களே எழுதிக் கேட்டது. நாங்க யாரையும் நிர்ப்பந்தப்படுத்தல. பொத்தான்ல தோலைச் செருகினது அந்தம்மாவோட சொந்த முடிவு. மத்த யாரும் இங்க அப்பிடிச் செய்யறதில்ல."

ஆய்வாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவர் அதை நம்பிவிட்டால் அலமேலுவுக்கு ஒன்றும் கிடைக்காது. தன் விரலைத் தானே வெட்டிக்கொண்டவள் ஆகிவிடுவாள். சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாஸ்கர் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். "சொல்லுங்க டீச்சரம்மா."

"எல்லா மெஷின்லயும் செய்யறோம் சார்" என்றேன்.

"இப்பதான் பாத்துட்டு வந்தேன். ஒண்ணுலயும் இல்லயே?" என்றார் ஆய்வாளர்.

"எடுத்துட்டாங்க. பொத்தானைப் பாருங்க சார்."

அவர் எழுந்து வந்தார். நான் ஒவ்வோர் இயந்திரமாகக் காட்டினேன். வலது பக்கப் பொத்தானில் பச்சை வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. இடது பக்கப் பொத்தானில் வண்ணம் புதிதாக, அப்படியே இருந்தது. வருடக்கணக்காக அதை ஒரு விரலும் தொடவில்லை. அவர் குனிந்து ஒன்றைத் தடவிப் பார்த்தார். அடுத்ததைத் தடவிப் பார்த்தார். கடைசி இயந்திரம் வரை போனார். பாஸ்கர் சார் வழக்கம்போல அளவுகோலை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அன்று நான் கையை வேகப்படுத்தவில்லை.

அறைக்குத் திரும்பியதும் ஆய்வாளர் கோப்பைக் காட்டிக் கேட்டார்.

"இது எல்லாம் ஒரே எழுத்தா இருக்குதே. யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. அவங்க யாரும் கேக்கல சார். சம்மதம்னு ஒரு வரி எழுதச் சொன்னாங்க. கேட்டுக்கொள்கிறேன்னு முடிச்சது நான். பள்ளிக்கூடத்துல அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இத்த அப்பிடியே எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பாதுகாப்புப் பொத்தானை முடக்கியது ஆலையின் வழக்கம், தனி ஒருத்தியின் தவறு அல்ல என்று அவர் பதிந்தார். அலமேலுவுக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேர்ந்தது. கவனியுங்கள், எந்தச் சட்டம் தாத்தா காலத்துச் சட்டம் என்று மேடையில் கேலி செய்கிறார்களோ, அந்தச் சட்டப்படி. அடுத்த மாதம் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வூட்ல இரும்மா" என்றார்கள். 'டீச்சரம்மா' கூட இல்லை.

இப்போது அந்தத் தலைவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் ஒன்று உண்மை. ஆலை வராவிட்டால் நானும் கரும்புக் காட்டுக்குத்தான் போயிருப்பேன். என் அம்மா விடியலிலிருந்து இருட்டும் வரை கரும்பு வெட்டினாள். அவளுக்கு எட்டு மணி நேரம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதையும் அவர் மேடையில் சொன்னார். "வயல்ல கடிகாரம் பாத்தா வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். கை தட்டினார்கள். அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாது என்பதற்கு என் அம்மாவையே சாட்சிக்குக் கூப்பிடுகிறாரே, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவள் என்னைப் பள்ளிக்கு அனுப்பியது கடிகாரம் பார்த்து வேலை செய்யத்தான்.

அவர் கணக்கில் பன்னிரண்டு மணி நேரம் ஆலைக் கதவுக்குள் தொடங்கி ஆலைக் கதவுக்குள் முடிகிறது. காலை ஆறரைக்கு ரிஷிவந்தியத்தில் பேருந்துக்கு நிற்பது அதில் இல்லை. இரவு வீடு திரும்பி உலை வைப்பது இல்லை. பதினொன்றாவது மணி நேரத்தில் ஒரு பெண்ணின் கை எப்படி இருக்கும் என்பது இல்லை. விருப்பம் இல்லாதவள் வேண்டாம் என்று சொல்லலாமே என்கிறார். விஜயாவின் வீங்கிய கண்ணை அவர் பார்க்கவில்லை. படித்த பெண்களுக்கு எது நல்லது என்று தெரியும் என்கிறார். ஐயா, அந்தப் படித்த பெண் நான்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது போல இருந்ததுதான் ஆபத்து.

ஜெனியின் செல்போனில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் தாளைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினேன். என் எழுத்து. பொருள், மதிப்பிற்குரிய ஐயா, எல்லாம் வரிசையாக. இன்னும் கீழே நகர்த்தினேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு வட்டம். அவர் கோப்பிலிருந்து ஏதோ ஒரு தாளை உருவி வாங்கியிருக்கிறார். அது அலமேலுவின் தாள்.

அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தேன். மலையில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். மூன்றாம் தடவை எடுத்தாள். மரவள்ளிக் காட்டில் இருப்பதாகச் சொன்னாள். மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாளாம். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தத் தாளு இன்னும் இருக்குதாக்கா?"

"இருக்குது. அவர் கையில இருக்குது."

"அத்த வாங்கிக் குடுக்கா. என் வெரலு அதுல மட்டுந்தான் இருக்குது."

புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சம்மதம் கேட்டு யாராவது தாள் நீட்டினால் கடைசி வரி வரை படியுங்கள். நீங்கள் கேட்காததைக் கேட்டதாக அதில் இருந்தால் கை வைக்காதீர்கள். அதற்காகப் பசை நெடிக்கு அனுப்பினால் நாலு பேர் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். விஜயா தனியாக நின்றதுதான் தப்பு, அவளைத் தனியாக விட்டது எங்கள் தப்பு. என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். இப்போது எனக்கு வேறு மாதிரியும் எழுதத் தெரியும்.

நேற்று அந்தத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் போடப்போவதில்லை. திங்கட்கிழமை அலமேலு முதல் பேருந்தில் இறங்குகிறாள். இருவரும் நேரில் போகிறோம்; ஜெனியும் விடுப்பு போட்டு வருகிறேன் என்கிறாள். அனுப்புநர், பெறுநர் எழுதினேன். பொருள்: அலமேலுவின் பெருவிரல் ரேகை உள்ள தாளைத் திருப்பித் தருதல். நடந்ததை எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கை பழக்கத்தில் 'தாழ்மையுடன்' என்று எழுதிவிட்டது.

அதை அடித்தேன். வேறு தாள் எடுத்துப் படி எடுக்கவில்லை. அடித்தது அவர் கண்ணில் படட்டும். அதற்குப் பக்கத்தில் எழுதினேன்: திருப்பிக் கொடுங்கள்.